மயிலுக்கு வாசித்த நாவல்

14 ஜூலை 2024, ஞாயிறு

கடலை விதைத்தாயிற்று. மூன்றாவது வருடம். முதல் வருடம் மயில் தின்றது. இரண்டாவது வருடம் மயில் குடும்பத்தோடு வந்து தின்றது. இந்த வருடமாவது எனக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கும் என்று ஒரு நப்பாசை.

மத்தியானம் காரைக்குடியிலிருந்து என் அக்காள் தேனம்மை ஆச்சி போன். எனக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்திதான், அவளைச் சமாளிக்கவே நாள் போதவில்லை. "சிகப்பி, சொன்னது நெனவிருக்குல்ல?" என்றாள். இருக்கிறது. போன மாதம் காளையார்கோவிலில் சன்னிதிக்கு முன்னால் நிறுத்திவைத்து வாக்கு வாங்கிவிட்டாள். இந்த வெள்ளாமையும் வீடு வந்து சேரவில்லை என்றால், நான் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பதிப்பகத்தை மூட்டை கட்டிக்கொண்டு, அவள் வீட்டு மாடியில் போய் இருக்க வேண்டும். ஐம்பத்தொரு வயதில்! அவள் சொல்லும் நேரத்துக்குச் சாப்பிட்டு, அவள் விளக்கணைக்கும் நேரத்துக்குத் தூங்கி. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அர்ச்சகர் தட்டோடு நின்றுகொண்டிருந்தார், வாய் வரவில்லை.

18 ஜூலை

கூரியர்க்காரர் இன்றும் காளையார்கோவிலிலேயே நின்றுகொண்டு போன் செய்தார். "மேடம், ஒங்க எடத்துல மேப்பு கம்மாயைக் காட்டுது. நான் எப்படி வர்றது?"

நானே ஸ்கூட்டரில் போய் வாங்கி வந்தேன். மதுரைக் கடையிலிருந்து திரும்பி வந்த எங்கள் புத்தகங்கள். எங்கள் என்றால் என்னுடைய. சீமைக்கருவேல் பதிப்பகம் என்று பெயர் வைத்தபோது எல்லாரும் சிரித்தார்கள். வெட்டினாலும் எரித்தாலும் சாகாத மரம் வேறு எது இருக்கிறது?

கட்டுகளை மோட்டார் ரூமில் அடுக்கியிருக்கிறேன். வேறு இடமில்லை. இப்போது கவிதைத் தொகுப்புக் கட்டின் மேல் ஏறி நின்றால்தான் சுவிட்ச் எட்டுகிறது. கவிதையால் ஒரு பயனும் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

23 ஜூலை

முளை வந்தது. அதுவும் வந்தது.

ஆண்மயில். நல்ல உயரம், கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்துப் பார்க்கிற பார்வை. ஒவ்வொரு முளையாக நின்று நிதானித்து, பிடுங்கி, பாதியைத் துப்பிவிட்டு அடுத்ததற்குப் போனது. இதே மாதிரி ஒருத்தரை எனக்குச் சென்னையில் தெரியும். என் முதல் புத்தகத்துக்கு மதிப்புரை எழுதியவர். மயிலுக்கு 'விமர்சகர்' என்று பெயர் வைத்துவிட்டேன்.

பக்கத்து வயல் இன்பமேரியிடம் புலம்பினேன். "அடிச்சா கேஸு ஆச்சி," என்றாள். "வெரட்டிக்கிரலாம், அம்புட்டுத்தான். காளையார்கோயில்ல பெட்டி விக்கிறாக. நம்ம சத்தத்தப் பதிஞ்சு வச்சா அதுபாட்டுக்கு நாள் பூரா கத்தும்."

26 ஜூலை

பெட்டி வாங்கியாயிற்று. மேலே சோலார் தகடு, கீழே பென் டிரைவ் சொருக ஓட்டை. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு "ஏய்! ஓடு! போ அங்குட்டு!" என்று கத்தித் தட்டைத் தட்டிப் பதிவு செய்தேன். வெளியே வந்தால் பால்காரர் வாசலில் பாலை வைத்துவிட்டு ஓடிப்போயிருக்கிறார்.

29 ஜூலை, திங்கள்

எழுதவே கை கூசுகிறது.

காலையில் வயல் நடுவில் கம்பம் நட்டு, பெட்டியைக் கட்டி, பென் டிரைவைச் சொருகி, ஓடவிட்டுவிட்டு அவசரமாகத் தபால் ஆபீஸ் போனேன். திரும்பி வரும்போது ரோட்டிலேயே ஒரு பெண்குரல் கேட்டது. "அத்தியாயம் மூன்று. வள்ளிக்கண்ணு ஆச்சி பாலை மோந்து பார்க்காமல் குடித்ததே இல்லை."

என் குரல். என் நாவல்!

போன வருடம் ஒலிப்புத்தகக் கம்பெனி ஒன்றுக்காக என் நாவலை, எழுதிய வரைக்கும், நானே வாசித்துப் பதிவுசெய்து அனுப்பியிருந்தேன். 'கேட்பவர் கவனம் நிற்காது' என்று ஒரே வரியில் பதில் போட்டார்கள். அந்தப் பென் டிரைவும் கறுப்பு, இதுவும் கறுப்பு. வீட்டில் தட்டுச் சத்தம் இருக்கிறது, வயலில் நாவல் ஓடுகிறது.

பதறிக்கொண்டு ஓடினேன். இன்பமேரி வயலில் களையெடுக்க வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் நிமிர்ந்து என்னையே பார்த்தார்கள். அணைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். சுற்றி எங்கும் ஒரு மயில் இல்லை. விமர்சகர் இல்லை. ஒரு முளைகூடப் போகவில்லை.

என் எழுத்துக்கு இப்படி ஒரு சக்தி இருக்கிறதென்று இத்தனை வருடமாக ஒருத்தரும் சொல்லவில்லையே.

31 ஜூலை

மூன்று நாளாக மயில் இல்லை. ரெண்டு நாளைக்கு ஒரு அத்தியாயமாக நாவல் ஓடுகிறது. கம்பெனிக்காரர்கள் சொன்னது மயிலைப் பொறுத்தவரை சரிதான்.

2 ஆகஸ்ட்

களையெடுப்புப் பெண்களுக்குத் தலைவி மாதிரி ஒரு கருப்பம்மாள். இன்று வேலி ஓரமாக வந்து கூப்பிட்டார்.

"ஏ ஆச்சி! அந்த மூத்தவ சாவிக்கொத்த இடுப்புலயே வச்சுக்கிட்டு அந்தப் புள்ளைய அம்புட்டுப் பாடு படுத்துறாளே, அவளக் கேக்க நாதியில்லையா அந்த வீட்டுல?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்ததும் காது சூடாகிவிட்டது. என் நாவலை ஒருத்தர் படித்துவிட்டு, சரி, கேட்டுவிட்டு, கதாபாத்திரத்தின் மேல் கோபப்படுகிறார். பதினாறு வருடம் எழுதியிருக்கிறேன். இதுவரை வந்த கடிதம் எல்லாம் அச்சுப்பிழை பற்றித்தான்.

கதை பெரிய கதையில்லை. பெரிய வீடு, ஆள் இல்லை, அக்காள் தங்கை ரெண்டே பேர், கூடவே திருட்டுக் கணக்கு எழுதுகிற ஒரு காரியஸ்தர். வள்ளிக்கண்ணு ஆச்சி மூத்தவள். சாவி அவளிடம். வெளிச்சம் இருந்தால் விளக்கை அணைப்பாள், ஆள் உட்கார்ந்திருந்தாலும் ஃபேனை அணைப்பாள். இளையவள் மீனா, வெளியூர் போய்ப் பிழைக்க ஆசைப்படுகிறவள். யாரைப் பார்த்து எழுதியது என்று தேனம்மை ஆச்சிக்குத் தெரிய வேண்டாம். அவள் என் புத்தகம் எதையும் படிப்பதில்லை, அது ஒரு பெரிய சௌகரியம்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

இன்பமேரி வீட்டார் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டார்கள். களையெடுப்புக்கும் லீவு. நாவலை மட்டும் ஓடவிட்டேன்.

விமர்சகர் வந்தார். நேராகக் கம்பத்தில் ஏறி, பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஆறாம் அத்தியாயம் முழுக்கக் கேட்டார். இறங்கி ஒரு வரிசை தின்றார். அந்த அத்தியாயத்தில் மழை வர்ணனை கொஞ்சம் நீளம்தான். அதனால்தான் இருக்கும்.

5 ஆகஸ்ட்

கருப்பம்மாளும் அதையே சொல்கிறார். "மழையப் பத்தி எம்புட்டு நேரந்தான் பேசுவீக? பேஞ்சா நனையப் போறோம். அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

ராத்திரியே வர்ணனையை வெட்டினேன். வலித்தது. ஆனால் நன்றாக இருக்கிறது, என்ன செய்ய.

12 ஆகஸ்ட்

இந்த ஊரில் களையெடுக்க ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு ஆள் தானாக வருகிறது! இன்பமேரி வயல் முடிந்ததும் எல்லாரும் என் வயலுக்கு வந்துவிட்டார்கள். பெட்டிக்குப் பக்கத்து வரிசைக்குத்தான் போட்டி. கம்பத்தைச் சுற்றி ஒரு புல் இல்லை. வயல் மூலையில் களை மண்டிப் பொதைக்காடு. பெட்டியை ஒரு நாள் ஒரு மூலை, மறுநாள் இன்னொரு மூலை என்று மாற்றி மாற்றிக் கட்டினேன். களை வேலை சுத்தமாக முடிந்தது. பதிப்பாளர் மூளை என்பது இதுதான்.

3 செப்டம்பர்

தேனம்மை ஆச்சி போன். "என்னடி, மயில் தின்னுருச்சா?"

"இல்லை. பூத்து, மண்ணுக்குள் விழுது இறங்கிவிட்டது," என்றேன். பிறகு, "மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சுட்டேன்," என்றாள்.

13 செப்டம்பர், வெள்ளி

நாவல் தீர்ந்துவிட்டது. அதாவது நான் எழுதியது தீர்ந்துவிட்டது. இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் மீனா பெட்டியோடு காரைக்குடி ஸ்டேஷனில் நிற்கிறாள். ரயில் வருகிறது. வாசலில் கார் வந்து நிற்கிறது, வள்ளிக்கண்ணு ஆச்சி இறங்குகிறாள். அவ்வளவுதான். நாலு வருடமாக அவள் இறங்கி நிற்கிறாள். அவளைப் பேசவைக்க என்னால் முடியவில்லை.

பெண்கள் பெட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி கிர்ரென்றது. பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"இன்னும் எழுதலை," என்றேன்.

"எழுதாததையா மைக்கு போட்டு ஊருக்குச் சொன்னீக?" என்றார் கருப்பம்மாள்.

20 செப்டம்பர்

கதை இல்லை, ஆள் இல்லை. மயில் வந்துவிட்டது. விமர்சகரோடு இன்று இன்னும் ரெண்டு பேர். முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி ஓடவிட்டேன். பெட்டி மேல் ஒன்று, கம்பத்தடியில் ரெண்டு. சாவகாசமாகக் கிளறுகிறார்கள்.

இன்பமேரி வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். "ஆச்சி, தப்பா நெனைக்காதீக. மயிலு எங்க ஒங்க கதையக் கேட்டு ஓடுச்சு? நாங்க வயக்காட்டுல கெடந்தோம், அதான் வரல. ஆளு இருந்தா அது எப்படி வரும்?"

வீட்டுக்கு வந்து காபி போட்டுக் குடித்தேன். சர்க்கரை போடவில்லை என்பது குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

21 செப்டம்பர்

யோசித்துப் பார்த்தால் — மயில் என் எழுத்தைக் கண்டு ஓடவில்லை, சரி. ஆனால் ஆட்கள் என் எழுத்துக்காக வந்தார்கள். ஆட்களைக் கண்டு மயில் ஓடியது. அப்படியென்றால்... ச்சே, இதில் எனக்கு அழுகை வருவானேன்? முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். சந்தோஷம்தான்.

பழைய அத்தியாயங்களில் சண்டை வருகிறவற்றை மட்டும் பொறுக்கி ஓட்டுகிறேன். சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு நாலு பேர் தூக்குச்சட்டியோடு வருகிறார்கள். அதுவரைக்கும் லாபம்.

21 அக்டோபர், திங்கள்

ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். கடலைத் தோட்டின் உள்பக்கம் கறுத்திருக்கிறது. காய் விளைந்துவிட்டது, பிடுங்க வேண்டியதுதான். வடக்கே மேகம் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஈரத்தில் நின்றால் அத்தனையும் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

கருப்பம்மாள் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன்.

"முடிவச் சொல்லுங்க, பிடுங்கிப்புடுறோம்."

"அம்மா, மழை வருது."

"வரட்டும். அந்தப் புள்ளைய ரயிலடியில நிறுத்திவச்சு அது நனையலையா? எங்களுக்கு அத நெனச்சா கடலைல கை ஓடமாட்டேங்குது."

23 அக்டோபர்

மூன்று முடிவு எழுதி, வேப்பமரத்தடியில் வைத்து வாசித்துக் காட்டினேன்.

ஒன்று: மீனா திரும்பிப் பார்க்காமல் ரயில் ஏறுகிறாள். "அக்காகாரி பாத்துக்கிட்டு சும்மா நிப்பாளாக்கும்," என்று தள்ளிவிட்டார்கள்.

ரெண்டு: வள்ளிக்கண்ணு ஆச்சி கதறி அழுது தங்கையைக் கட்டிப்பிடிக்கிறாள். கருப்பம்மாள் எழுந்தே விட்டார். "அந்த ஆச்சி அழுகுற ஆளா? காசு குடுத்தாலும் அழுகாது."

மூன்று: வீட்டுக் காரியஸ்தரைப் பாம்பு கடிக்கிறது. இது பலருக்குப் பிடித்தது. "ரயிலடிக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று இன்பமேரிதான் கெடுத்துவிட்டாள்.

மழைக்காற்று அடிக்கிறது. கடலை மண்ணுக்குள். என்னடா பொழப்பு இது? ஊர் உலகத்தில் எந்த எழுத்தாளருக்காவது வாசகர்கள் இப்படி ஸ்ட்ரைக் பண்ணுவார்களா? தேனம்மை ஆச்சிக்கு வேறு யாரோ சொல்லிவிட்டார்கள். நாளைக்கு வருகிறாளாம். பெட்டியோடு.

24 அக்டோபர், வியாழன்

முழுக்க எழுதிவிட வேண்டும், ஒன்றும் விடக்கூடாது.

பதினோரு மணிக்குக் கார் வந்தது. ஆச்சி இறங்கினாள். பின்னாலேயே டிரைவர் பெரிய காலிப் பெட்டி ஒன்றை இறக்கினார். என் சாமான்களுக்கு. வயலில் மயிலுக்காக அத்தியாயம் பதினெட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஸ்ட்ரைக் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

ஆச்சி சுற்றிப் பார்த்தாள். பட்டப்பகலில் மோட்டார் ரூம் லைட் எரிந்துகொண்டிருந்தது. நேராக அங்கே போய், செருப்பைக் கழற்றிவிட்டு, கவிதைக் கட்டின் மேல் ஏறி நின்று, லைட்டை அணைத்தாள். இறங்கி வயலுக்குள் நடந்து போய்க் கம்பத்துப் பெட்டியையும் அணைத்தாள். "யாரு கேக்குறாகன்னு இது ஓடுது? பேட்டரி என்னத்துக்காகுறது?" என்றாள்.

மரத்தடியிலிருந்து கருப்பம்மாள் மெல்ல எழுந்தார். "ஆத்தி! இது நம்ம வள்ளிக்கண்ணு ஆச்சியில்ல!"

"யாரு வள்ளிக்கண்ணு? நான் தேனம்மை."

"சாவிக்கொத்து எங்க ஆச்சி?" என்று ஒருத்தி கேட்டாள். ஆச்சியின் கை தானாக இடுப்புக்குப் போனது. எல்லாரும் ஓவென்று கத்திவிட்டார்கள்.

நான் மோட்டார் ரூமுக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. ஆளாளுக்குப் போட்டி போட்டுக் கதையை முதலிலிருந்து சொன்னார்கள். பால் மோந்து பார்த்தது, ஃபேன் அணைத்தது, தங்கை சேலைக்கு மடிப்பு சரியில்லை என்று கல்யாண வீட்டிலிருந்து திருப்பிக் கூட்டி வந்தது. நான் எழுதாததையும் ரெண்டு சேர்த்துச் சொன்னார்கள், அதுவும் சரியாகவே இருந்தது. ஆச்சி நடுவில் ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள். "கெட்டுப்போன பாலை மோந்து பாக்காம எப்படிக் குடிக்கிறதாம்?"

கதை ஸ்டேஷனில் வந்து நின்றது. இன்பமேரிதான் கேட்டாள்.

"நீங்களே சொல்லுங்க ஆச்சி. ரயில் வந்துருச்சு. தங்கச்சி பொட்டியோட நிக்கிது. நீங்க கார்ல இருந்து எறங்குறீக. என்ன செய்வீக?"

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பொட்டிய யாரு அடுக்குனது?" என்று ஆச்சி கேட்டாள்.

"அந்தப் புள்ளதேன்."

"அப்ப ஊறுகா ஜாடியப் பட்டுச் சேலைக்கு நடுவுல வச்சிருப்பா. எனக்குத் தெரியாதா அவள? அங்கனயே பொட்டியத் தொறந்து எல்லாத்தையும் வெளிய எடுத்துப்போட்டு, மொதல்லேர்ந்து அடுக்குவேன்."

"அதுக்குள்ள ரயிலு போயிருமே ஆச்சி!"

"போகட்டும். அடுத்த ரயிலுக்கு நானே ஏத்திவிடுவேன். கோணமாணலா அடுக்குன பொட்டியத் தூக்கிக்கிட்டு எந்தங்கச்சி எந்த ஊருக்கும் போகப்படாது."

கருப்பம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்தினார். "எந்திரிங்கடி," என்றார். "மழ வருது."

25 அக்டோபர்

பிடுங்கியாயிற்று. பதினைந்து பேர். ஆச்சி மரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்து காய் ஆய்ந்தாள். பிஞ்சையும் முற்றலையும் கலந்து போட்டவர்களை அதட்டினாள். அவர்கள் வள்ளிக்கண்ணு ஆச்சியே தங்களை அதட்டிவிட்டதாக ஒருத்தருக்கொருத்தர் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

கடைசி மூட்டை வீட்டுக்குள் போனதும் மழை பிடித்துக்கொண்டது. ராத்திரி உட்கார்ந்து இருபத்துமூன்றாம் அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதினேன். ஒரு வார்த்தை அடிக்கவில்லை. அடிக்க எனக்கு என்ன உரிமை, அது அவள் சொன்னது.

28 அக்டோபர், திங்கள்

ஆச்சி கிளம்பினாள். வாக்கைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. காலிப் பெட்டியில் அவளுக்குக் கடலை போட்டு, மேலே ரெண்டு முருங்கைக்கட்டும் ஒரு பாட்டில் நெய்யும் வைத்து மூடிக் காரில் ஏற்றினேன்.

காரில் பாதி ஏறியவள் இறங்கினாள். டிக்கியைத் திறக்கச் சொன்னாள். பெட்டியை வாசலிலேயே கீழே வைத்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நெய் பாட்டிலை என் பழைய துண்டில் சுற்றிக் கடலைக்கு நடுவில் நிறுத்தி, முதலிலிருந்து அடுக்கினாள். டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சிரித்துவிட்டேன்.

"என்னடி பல்லக் காட்டுற? மக்கு," என்றாள். பிறகு வாசல் லைட்டை அணைத்துவிட்டுக் காரில் ஏறினாள்.

18 டிசம்பர்

நாவல் அச்சுக்குப் போய்விட்டது. முன்பக்கத்தில் கருப்பம்மாளுக்கும் இன்பமேரிக்கும் நன்றி போட்டிருக்கிறேன். தேனம்மை ஆச்சிக்குச் சமர்ப்பணம். விமர்சகருக்கு ஒன்றும் கிடையாது.

24 ஜூலை 2025, வியாழன்

முளை வந்துவிட்டது. விமர்சகரும் வந்துவிட்டார், தோகை இந்த வருடம் இன்னும் நீளம்.

பெட்டி ரிப்பேர். மழையில் நனைந்ததில் போய்விட்டது. கருப்பம்மாள் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "அதுக்கென்ன, நீங்களே வாசிங்க, வாய் இருக்குல்ல?" என்றார். புது நாவல், முதல் அத்தியாயம்தான் எழுதியிருக்கிறேன். களைக்கொட்டோடு எல்லாரும் வந்து வரிசை பிடித்தார்கள். செல்போனைத் தூக்குச்சட்டியில் சாய்த்துவைத்து, நான் வரப்பில் நின்று வாசிக்க ஆரம்பித்தேன். விமர்சகர் வேலிக்கு அங்குட்டே நின்றார்.

மூன்றாவது வரியிலேயே செல்போனிலிருந்து தேனம்மை ஆச்சி கத்தினாள். "சத்தமா வாசிடி! காரைக்குடிக்குக் கேக்க வேண்டாமா?"